ஏழாம் வார்டுக்குப் போன செய்தி

காலை சரியாக ஒன்பது மணிக்குத் திரையில் முதல் பச்சைப் புள்ளி எரிந்தது. நான் நாற்காலியை விட்டு எழுந்து கத்தியே விட்டேன். கத்தாமல் என்ன செய்வது? அந்த ஒரு புள்ளிக்காக மூன்று வருடம் கண் விழித்தவள் நான். ஒன்று ஐந்தாகி, ஐந்து நாற்பதாகி, கண்ணை மூடித் திறப்பதற்குள் முந்நூறைத் தாண்டிவிட்டது.

“பச்சை, மெதுவாடி. இது ஆஸ்பத்திரி” என்றாள் எங்கள் தலைவி. சொல்லும்போது அவள் வாயெல்லாம் பல்.

பச்சை என்பது என் பெயரில்லை, என் வேலை. எங்கள் ஆஸ்பத்திரிக்கு நான்கு கட்டடம், முப்பது வார்டு, இரண்டாயிரத்துச் சொச்சம் ஊழியர்கள். அத்தனை பேரும் ஒருவருக்கொருவர் உடனுக்குடன் செய்தி அனுப்பிக்கொள்ள நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு சர்வர் கட்டியிருந்தோம். வெளியிலிருந்து பார்த்தால் ஒரே பெட்டி, உள்ளே நான்கு குடித்தனம். வருகிறவர் யார் என்று கடவுச்சொல் பார்த்து உள்ளே விட்டு, இணைப்பு அறுந்துபோகாமல் பிடித்துக்கொள்வது வாசல், அது எங்கள் தலைவியின் பங்கு. வந்த செய்தியை உரியவரிடம் சேர்ப்பது தபால். ஆள் இல்லாத நேரத்தில் செய்தியை வைத்திருந்து அவர் வந்ததும் கொடுப்பதும், எல்லாவற்றுக்கும் ஒரு நகலைப் பூட்டி வைப்பதும் கிடங்கு. யார் இருக்கிறார், யார் கை வேலையாக இருக்கிறார், யார் இல்லவே இல்லை என்று பச்சை, மஞ்சள், சாம்பல் புள்ளிகளால் ஊருக்கெல்லாம் சொல்வது என் பங்கு. யார் எதைக் கட்டினாரோ அதுவே அவர் பெயராகிவிட்டது. வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் எங்களுக்கு வேறு பெயர்.

அன்றைக்குத்தான் பரீட்சை. ஆஸ்பத்திரியின் தலைமை மருத்துவர், எல்லாருக்கும் பெரிய டாக்டர், முதல் நாளே சொல்லிவிட்டார். ஒன்பதிலிருந்து ஒன்று வரை நாலு மணி நேரம். ஒரு செய்தி, ஒரே ஒரு செய்தி தொலைந்தாலும் பெட்டியை அணைத்துவிட்டு எல்லாரும் பழையபடி ஃபோனுக்குப் போய்விட வேண்டும். எங்கள் நான்கு பேருக்கும் பிரிண்டர் பழுதுபார்க்கும் அறையில் நாற்காலி தயார்.

சொன்னதோடு விடவில்லை. எங்கள் அறைக்கே வந்து, சுவரில் இருந்த பெரிய திரைக்கு எதிரே கண்கொத்திப் பாம்பாக உட்கார்ந்துவிட்டார். திரையில் இரண்டே எண்கள்: அனுப்பியவை, சேர்ந்தவை. இரண்டும் ஒன்றாக இருக்கும் வரை எங்கள் உயிர் எங்களுடையது.

பத்து மணிக்கு வெளிநோயாளிப் பிரிவு திறந்தது. அங்குள்ள ஊழியர்கள் அறுநூறு பேர் ஒரே மூச்சில் சர்வருக்குள் நுழைந்தார்கள். ஒருவர் வந்தால் அவரைத் தெரிந்த ஐம்பது பேருக்கு ‘வந்துவிட்டார்’ என்று என் சேவை சொல்ல வேண்டும். அறுநூறு பேர் வந்தால்? கணக்குப் போடுவதற்குள் சர்வருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. சுமை தொண்ணூறு சதவீதம், தொண்ணூற்று மூன்று, தொண்ணூற்றைந்து.

“ஏய் பச்சை, உன் ஆளுங்க என் வழியை அடைக்கிறாங்க!” என்று பக்கத்து மேஜையிலிருந்து தபால் அலறினான். என் வயதுக்காரன், விரல் நகம் ஒன்றுகூட மிச்சமில்லாமல் கடித்துத் தின்றிருந்தான். “என் செய்தி நகரலை!”

“கத்தாதே, தெரியுது!”

ஒவ்வொருவரையும் தனித்தனியாக அறிவிப்பதை நிறுத்தினேன். இரண்டு விநாடிக்கு ஒருமுறை, வந்தவர்களை மொத்தமாகச் சேர்த்து ஒரே அறிவிப்பாக அனுப்பும்படி மாற்றினேன். தொண்ணூற்றைந்து எண்பதாகி, எழுபதாகி, ஐம்பதில் வந்து நின்றது. தபால் எழுந்து வந்து என் தலையில் செல்லமாக ஒரு குட்டு வைத்துவிட்டுப் போனான். பெரிய டாக்டர் கடிகாரத்தை மட்டும் பார்த்தார்.

அதற்கப்புறம் அடேயப்பா, என்ன ஓட்டம்! எங்கள் ஆஸ்பத்திரியில் ஆய்வகத்து ஃபோன் எப்போதும் பேச்சில்தான் இருக்கும். ஒரு ரத்தப் பரிசோதனை முடிவைக் கேட்க நர்ஸ்கள் கால் மணி நேரம் எண்ணைச் சுழற்றிக்கொண்டு நிற்பார்கள். அன்றைக்கு முடிவுகள் தாமாகவே வார்டுக்குப் பறந்தன. மருந்தகம் கேட்டது, எக்ஸ்ரே பதில் சொன்னது, சக்கர நாற்காலி தள்ளுகிறவர்களுக்கு எந்த மாடிக்குப் போக வேண்டும் என்று கையிலேயே வந்தது. பதினோரு மணிக்கு இருபதாயிரம் செய்திகள். பன்னிரண்டரைக்கு நாற்பதாயிரம். இரண்டு எண்களும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி ஒன்றாகவே ஏறின. கிடங்கண்ணன், எங்களில் மூத்தவர், பழைய பேனா மூடியைக்கூடத் தூக்கிப் போடாதவர், அவரே உட்கார்ந்த இடத்தில் விசிலடித்தார்.

பன்னிரண்டு நாற்பதுக்கு என் கண்ணில் அது பட்டது.

நண்பகலில் வார்டுகளில் மருந்து கொடுக்கும் சுற்று நடக்கும். நர்ஸ்கள் எல்லாம் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். என் திரையில் வார்டு வரிசை முழுக்க மஞ்சளாகியிருந்தது. ஒரே ஒரு புள்ளி மட்டும் பச்சை. ஏழாம் வார்டு பொறுப்பு நர்ஸ். காலை ஒன்பதிலிருந்து ஒரு நொடிகூட நிறம் மாறவில்லை. எந்த நர்ஸ் மூன்றரை மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையாமல் இருப்பாள்? அதுவும் ஏழாம் வார்டு! அங்கே பொறுப்பு நர்ஸ் என் சொந்த அண்ணன் மனைவி. என் அண்ணி வீட்டிலேயே ஒரு இடத்தில் இரண்டு நிமிடம் உட்கார மாட்டாள்.

பட்டியலை நன்றாகப் பார்த்தேன். ஏழாம் வார்டு பொறுப்பு நர்ஸ் இரண்டு பேர் இருந்தார்கள். ஒன்று மஞ்சள், அது அண்ணி. ஒன்று பச்சை.

அந்தப் பச்சைப் புள்ளி யார் என்று எனக்குத் தெரியும். அதற்குப் பெயர் வைத்ததே நான்.

விஷயம் இதுதான். சர்வரைச் சோதிக்க நாங்கள் மூவாயிரம் பொய் ஆட்களை உருவாக்கியிருந்தோம். பொம்மைகள் என்போம். பொம்மை ஒன்று, பொம்மை இரண்டு என்று வரிசையாகப் பெயர். யார் செய்தி அனுப்பினாலும் பொம்மை இரண்டு விநாடியில் ‘சரிங்க, பார்த்துக்கிறேன்’ என்று பதில் போடும். அவ்வளவுதான் அதற்குத் தெரியும். பத்து நாளைக்கு முன்பு பெரிய டாக்டருக்கு ஒரு செய்முறை காட்ட வேண்டியிருந்தது. அண்ணியை உள்ளே வரச் சொல்லிக் கெஞ்சினேன். “போடி வாயாடி, எனக்கு வேற வேலை இல்லையா” என்று விரட்டிவிட்டாள். கோபத்தில் ஒரு பொம்மையை எடுத்து, அதற்கு ஏழாம் வார்டு பொறுப்பு நர்ஸ் என்று பெயர் மாற்றி, ‘உங்களைவிட இந்த அண்ணி எவ்வளவோ தேவலை’ என்று எழுதி, திரையைப் படம் எடுத்து அண்ணிக்கே அனுப்பி வெறுப்பேற்றினேன். வீட்டில் இரண்டு நாள் சிரிப்பு. நேற்று மாலை பொம்மைகளை எல்லாம் அழித்தோம், பொம்மை என்று பெயர் தொடங்குகிறவர்களை எல்லாம். இதற்குத்தான் அந்தப் பெயர் இல்லையே! அது ஜாலியாகத் தப்பித்து, உண்மையான ஆள் மாதிரி காலையிலிருந்து பச்சை விளக்கோடு உட்கார்ந்திருக்கிறது.

“தபால்” என்றேன் மெதுவாக. “இந்த ஆளுக்கு இன்னிக்கு ஏதாவது செய்தி போயிருக்கா பாரு.”

அவன் பார்த்தான். “ஒண்ணு. ஆய்வகத்துல இருந்து. பன்னிரண்டு முப்பத்தெட்டுக்கு. சிவப்புக் கொடி போட்டிருக்கு.”

சிவப்புக் கொடி என்றால் அவசரம். ஆய்வகத்தில் இருந்தவர் இரண்டு பேரில் பச்சையாக இருந்தவரைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். பொம்மையும் ‘சரிங்க, பார்த்துக்கிறேன்’ என்று சொல்லிவிட்டது. அவரும் நிம்மதியாக அடுத்த குப்பியை எடுத்திருப்பார்.

சுவரைப் பார்த்தேன். அனுப்பியவை, சேர்ந்தவை. இரண்டும் ஒன்று. பொம்மையிடம் சேர்ந்ததும் சேர்ந்ததுதான் என்று கணக்கு சொல்லிக்கொண்டிருந்தது. இந்த உலகத்தில் எனக்கும் தபாலுக்கும் தவிர யாருக்கும் தெரியாது. இன்னும் பதினெட்டு நிமிடம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், மூன்று வருட உழைப்பு பிழைத்துவிடும்.

பொய் சொல்ல மாட்டேன், அந்த நினைப்பு வந்தது. வந்த வேகத்திலேயே எனக்கு என் மேலேயே எரிச்சலும் வந்தது. ஆய்வகத்துக்கு ஃபோன் போட்டேன். பேச்சில் இருந்தது. அண்ணியின் மொபைலுக்குப் போட்டேன். மருந்துச் சுற்றில் இருக்கும்போது நர்ஸ் அழைப்பை எடுக்கக் கூடாது என்பது இங்கே சட்டம், சிவப்புக் கொடிச் செய்திக்கு மட்டும்தான் அந்த மொபைல் அலறும். அந்தச் செய்திதான் பொம்மை மடியில் கிடக்கிறதே! நகல் கிடங்கில் இருந்தது. கிடங்கைத் திறக்க இரண்டு சாவி வேண்டும். ஒன்று கிடங்கண்ணனிடம். இன்னொன்று, ஒரு சின்ன அட்டை, பெரிய டாக்டரின் கழுத்தில் தொங்கியது.

நேராக அவர் முன்னால் போய் நின்றேன்.

“டாக்டர், உங்க அட்டையைக் குடுங்க. ஒரு செய்தி தப்பான ஆள்கிட்ட போயிருக்கு.”

வாசல் என்னை விழுங்குவது போலப் பார்த்தாள்.

அவர் திரையைக் காட்டினார். “எண்ணு சரியாத்தானே இருக்கு?”

“எண்ணு சரி. ஆள் பொய். என் தப்பு. அப்புறமா எவ்வளவு வேணா திட்டுங்க, முதல்ல அட்டை!”

அவரிடம் யாரும் அந்தக் குரலில் பேசியிருக்க மாட்டார்கள். அட்டையைக் கழற்றிக் கொடுத்தார். கிடங்கண்ணன் தன்னுடையதையும் வைத்தார். செய்தி திறந்தது.

‘ஏழாம் வார்டு, பதினோராம் படுக்கை. பொட்டாசியம் 7.1. மறுபடி சோதித்துவிட்டோம், அதேதான். ட்ரிப்பை உடனே நிறுத்தி டாக்டரைக் கூப்பிடவும்.’

பெரிய டாக்டர் எழுந்தே விட்டார். “பொட்டாசியம் ஏழா? இதயம் எந்த நேரமும் தாளம் தப்பும். அந்த ட்ரிப்புலயே பொட்டாசியம்தான் ஏறிக்கிட்டிருக்கும்!”

“தபால், நிஜ அண்ணிக்கு அனுப்பு!” என்று கத்திக்கொண்டே நான் ஓடினேன்.

அப்படி ஓடியதே இல்லை. லிஃப்ட் ஐந்தாம் மாடியில் நின்றிருந்தது, அதற்குக் காத்திருக்க யாரால் முடியும்? இரண்டிரண்டு படியாகத் தாவினேன். ஒரு செருப்பு எங்கேயோ கழன்று போனது. கோப்புகளோடு வந்த ஒருவரை இடித்து, மன்னிப்புக்கூடக் கேட்காமல், துடைத்து ஈரமாயிருந்த தரையில் சறுக்கி, ஏழாம் வார்டுக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு விழுந்தேன்.

“அண்ணி! பதினோராம் படுக்கை! ட்ரிப்! ட்ரிப்பை…”

அண்ணி பதினோராம் படுக்கைக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். ட்ரிப் குழாய் மூடியிருந்தது. பணி மருத்துவர் நோயாளியின் கையில் ஊசி போட்டுக்கொண்டிருந்தார். இதயத்துடிப்புக் கருவி மேலும் கீழுமாகக் கோடு போட்டுக்கொண்டிருந்தது.

“நிறுத்தி ஒரு நிமிஷம் ஆச்சு” என்றாள் அண்ணி. சட்டைப் பையிலிருந்த மொபைலைத் தட்டிக் காட்டினாள். “இது அலறின அலறல்ல வார்டே எந்திரிச்சு உட்கார்ந்துடுச்சு. நீ எதுக்குடி இப்படி நாய் துரத்தின மாதிரி வர்றே?”

கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினேன்.

“நீயே கட்டினதை நீயே நம்பலையா?” என்று கேட்டாள். சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. நடந்ததை அவளிடம் கொட்டினேன், பொம்மை, பெயர், எல்லாம். அவள் சிரிப்பு நின்றுவிட்டது. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “வீட்டுக்கு வா, வெச்சுக்கிறேன் உனக்கு” என்றாள். பிறகு கோடு போடும் கருவியின் பக்கம் திரும்பிக்கொண்டாள். கோடு கொஞ்சம் கொஞ்சமாக ஒழுங்குக்கு வந்துகொண்டிருந்தது.

ஒற்றைச் செருப்போடு நான் திரும்பி வந்தபோது மணி ஒன்று அடிக்க இரண்டு நிமிடம். பதினோராம் படுக்கை தப்பித்ததைச் சொன்னேன். எல்லாரும் மூச்சு விட்டார்கள். பிறகு எல்லாரும் பெரிய டாக்டரைப் பார்த்தோம்.

“ஒரு செய்தி தொலைஞ்சா தோல்வின்னு சொல்லியிருந்தேன்” என்றார். “பொம்மை கைக்குப் போனதைச் சேர்ந்ததுன்னு என்னால எழுத முடியாது.”

“நானும் அப்படி எழுதச் சொல்லலை டாக்டர்” என்றேன். கோபம் வந்தது. “ஆனா அதுக்குப் பேர் வெச்சது நான் ஒருத்திதான். பிரிண்டருக்கு அனுப்புறதா இருந்தா என்னை மட்டும் அனுப்புங்க. இவங்க கட்டினதுல ஒரு குறையும் இல்ல.”

“சும்மா இருடி” என்றாள் வாசல். “அழிச்சதைச் சரிபார்க்க வேண்டியது நான்.”

“யார் தப்புன்னு நான் கேட்கலை” என்றார் அவர். “அணைச்சுடுங்க.”

வாசல் விசைப்பலகையை இழுத்துக்கொண்டாள். இரண்டாயிரம் பேருக்கும் அறிவிப்பு அனுப்பினாள்: ‘இந்தச் சேவை இன்னும் ஐந்து நிமிடத்தில் நிறுத்தப்படும். அனைவரும் வெளியேறவும்.’ அனுப்பிவிட்டு மேஜை மேல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அவள் கண் கலங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

நான் என் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியேறச் சொன்னால் புள்ளிகள் ஒவ்வொன்றாகச் சாம்பலாகும், எத்தனை சோதனையில் பார்த்திருக்கிறேன்! ஒரு நிமிடம் போனது. ஒரு புள்ளிகூட மாறவில்லை. மஞ்சளாக இருந்தவைகூடப் பச்சையாகிக்கொண்டிருந்தன.

“யாரும் போகலை” என்றேன். “தபால், இங்க வந்து பாரேன்! யாருமே போகலை!”

“போகவா? எல்லாரும் எழுதுறாங்க!” என்றான் தபால். “எல்லாம் ஒரே விலாசத்துக்குப் போகுது.”

கிடங்கண்ணன் தொண்டையைச் செருமினார். “டாக்டர், உங்களுக்குக் கொஞ்சம் செய்தி வந்து நிக்குது.”

“எனக்கா?”

“கொஞ்சம்னா… நூத்தி நாப்பது. இல்ல, நூத்தி எழுபது.”

“என்ன சொல்றாங்க? படிங்க.”

“முடியாது டாக்டர். அது உங்களோடது. ஆள் உள்ளே வந்தாத்தான் கிடங்கு குடுக்கும். நாங்க அப்படித்தான் கட்டியிருக்கோம்.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாலு மணி நேரம் சுவரையே பார்த்து எடை போட்ட மனிதர் ஒருமுறைகூட உள்ளே வரவில்லை. நான் என் நாற்காலியைத் தள்ளி விட்டேன். அவர் ஒரு நிமிடம் தயங்கினார். பிறகு உட்கார்ந்து, ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தேடித் தேடித் தட்டினார். எனக்குப் பிடுங்கித் தட்டலாமா என்றிருந்தது. வாசல் திறந்தது. பட்டியலின் உச்சியில் பெரிய டாக்டர் பச்சையானார்.

கிடங்கு கொட்டியது. ஆய்வகம், மருந்தகம், எக்ஸ்ரே, சமையலறை, சக்கர நாற்காலிக்காரர்கள், நான் பெயரே கேள்விப்படாத மூலை முடுக்கெல்லாம். அவர் கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டு படித்தார். ஒன்றில் நின்றார். வாய்விட்டுப் படித்தார்.

“ஏழாம் வார்டு பொறுப்பு நர்ஸ், நிஜமானவள். பதினோராம் படுக்கைக்காரர் எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்கிறார். ஃபோனாக இருந்திருந்தால் நான் இன்னும் ஆய்வகத்துக்கு எண்ணைத்தான் சுழற்றிக்கொண்டிருப்பேன். தப்புப் பண்ணின பெண்ணைத் திட்டுங்கள். நானும் திட்டுவேன். இதை அணைக்காதீர்கள்.”

எனக்குக் கண் மறைத்தது. துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை.

“டாக்டர், இன்னும் நாப்பது விநாடி” என்றாள் வாசல்.

அவர் திரையைக் கீழே தள்ளிக்கொண்டே இருந்தார். செய்திகள் முடிகிற வழியாக இல்லை.

“இதை அணைச்சுட்டா, இவங்களுக்கெல்லாம் நான் எதுல பதில் சொல்றது?” என்றார்.

ஒரு செய்தியில் நிறுத்தி, அதை மறுபடி படித்தார்.

“தோல்வி தோல்விதான். எழுதினதை மாத்த மாட்டேன். நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்கு மறுபடி பரீட்சை.”

“அதுவரைக்கும்?” என்றேன் நான்.

“அதுவரைக்கும் ஓடட்டும்” என்றார், நிமிர்ந்துகூடப் பார்க்காமல். அவருடைய ஒற்றை விரல் முதல் பதிலுக்கு எழுத்துத் தேடிக்கொண்டிருந்தது.